தீராத சைனஸ்: எங்கே தொடங்குவது, ஆபரேஷன் எப்போது

மார்கழிப் பனி ஆரம்பித்ததும் சேலத்தில் எந்த மெடிக்கலில் நின்றாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "போன மாசம் டாக்டர் எழுதினாருங்களே, அந்த அஞ்சு நாள் மாத்திரையே குடுங்க. சைனஸ் மறுபடி பிடிச்சிருச்சு." கையில் சீட்டு இருக்காது, காலியான மாத்திரை அட்டை இருக்கும். அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத ஆன்டிபயாடிக், அதாவது கிருமியைக் கொல்லும் மருந்து, என்பதற்கான அடையாளம் அது. பல வருஷமாக மருந்துக் கடையில் நிற்பவன் நான். வரிசையில் நாலு பேர் காத்திருக்கும்போது விளக்க முடியாமல் போகிற விஷயத்தை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முகத்து எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன, சைனஸ் என்பது இவற்றைத்தான். கன்னத்துக்குள் ஒரு ஜோடி, புருவத்துக்கு மேலே ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவில் சின்னச் சின்ன அறைகளாக ஒரு தொகுதி, மூக்குக்கு வெகு பின்னால் மூளையின் அடிப்பக்கத்தை ஒட்டி ஒரு ஜோடி. சிலருக்கு நெற்றியில் உள்ளது உருவாகாமலே போவதும் உண்டு, அதனால் கெடுதல் இல்லை. இந்த அறைகளின் உட்புறம் முழுக்க மெல்லிய சவ்வு. அது சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். மூக்கும் சைனஸும் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கின்றன. நமக்குத் தெரியாமலே தொண்டை வழியாக விழுங்கிவிடுகிறோம். சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சுமந்த அந்தச் சளியை ஒரே திசையில் வாசலை நோக்கித் தள்ளுகின்றன.

வாசல் எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குழாய் வைக்காமல், மேல் விளிம்பில் ஓட்டை போட்டுவைத்தால் எப்படி இருக்கும்? கன்னத்துச் சைனஸின் வாசல் அப்படித்தான் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் தானாக இறங்க வழியில்லை, நுண்முடிகள்தான் சளியை மேலே ஏற்றி வெளியே விட வேண்டும். வாசலும் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதைச் சுற்றியுள்ள சவ்வு கொஞ்சம் வீங்கினாலே போதும், வழி அடைபடும், சளி தேங்கும், நுண்முடிகள் ஓயும். சளி தேங்கினால் வீக்கம் இன்னும் கூடும். பிறகு ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

சாதாரணச் சளி பிடித்து முகம் கனப்பது வேறு கதை. அதில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஒரு வாரம் பத்து நாளில் தானே அடங்கும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள். அப்போதும் வெறும் தலைபாரம் மட்டும் இருந்தால் கணக்கில் வராது. மூக்கடைப்பு, முன்பக்கமோ தொண்டைக்குள்ளோ இறங்கும் கெட்டியான சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை தெரியாமல் போவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். கூடவே மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்தாலோ ஸ்கேன் எடுத்தாலோ அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று மாதம் தாண்டிய சைனஸில் முதல் எதிரி கிருமி இல்லை, ஆறாமல் வீங்கியே கிடக்கும் சவ்வு. கிருமி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஐந்து நாள் மாத்திரையில் கொஞ்சம் தெளிந்து, அடுத்த மாதமே திரும்பி வருவது அதனால்தான். வீக்கத்தைக் குறைக்கும் வேலையை அந்த மாத்திரை செய்வதில்லை.

முதலில் இது சைனஸ்தானா?

நெற்றி வலித்தாலே சைனஸ் என்று முடிவு கட்டுவது நம் ஊரில் சகஜம். 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாமே சொன்னவர்கள், டாக்டர் அப்படிச் சொன்னவர்கள் எனக் கிட்டத்தட்ட 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலிக்கான அறிகுறிகள். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் கனக்கும். வெளிச்சம் பிடிக்காமல் போவது, குமட்டல், விட்டுவிட்டுத் தெறிக்கும் வலி, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ முற்றிலும் தெளிந்துவிடுவது ஆகியவை இருந்தால், சளியும் இல்லை என்றால், சைனஸ் வைத்தியம் எத்தனை வருஷம் செய்தாலும் பயன் கிடையாது. நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி.

ஏற்காட்டுக்காரர்களும், வார இறுதியில் அங்கே போய்வருபவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மலை ஏறும்போது ஒண்ணும் இல்லீங்க, இறங்கும்போது மட்டும் புருவத்துக்கு மேல குத்துது, ஏன்?" சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேரும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஏறும்போது சைனஸுக்குள் உள்ள காற்று விரிந்து, வீங்கிய வாசலையும் நெகிழ்த்திக்கொண்டு வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடுகிறது, உள்ளே காற்று புக வேண்டும், வாசல் அடைபட்டிருந்தால் புகாது. உள்ளே அழுத்தம் குறைந்து சவ்வு உறிஞ்சி இழுக்கப்படும். அதுதான் அந்தக் குத்தல். அடிவாரம் வருவதற்குள் வந்து, சளி விலகியதும் போய்விடும் வலி என்றால் பெரும்பாலும் இந்த வகை. வளைவுகளில் குமட்டி, வாந்தி எடுத்து, பிறகு இருட்டறையில் படுத்தால்தான் தேவலை என்று இருந்தால் மேலே சொன்ன ஒற்றைத் தலைவலியை நினைக்க வேண்டும். சளி கடுமையாக இருக்கும் நாட்களில் மலைப் பயணத்தையும் விமானப் பயணத்தையும் தள்ளிப்போடுவது நல்லது.

பரிசோதனை என்று வந்தால், முகத்தைச் சாதாரண எக்ஸ்ரே எடுப்பதால் நாள்பட்ட சைனஸில் பெரிய பிரயோஜனம் கிடையாது. இஎன்டி டாக்டர், அதாவது காது மூக்கு தொண்டை மருத்துவர், எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டு, சவ்வின் வீக்கம், வாசலில் சளி, சவ்வு வீங்கித் தொங்கும் சதை வளர்ச்சி (பாலிப்) இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் படி. சிடி ஸ்கேன் அடுத்தது. அதைச் சளி பிடித்திருக்கும் வாரத்தில் எடுத்தால் யாருக்குமே சைனஸ் அடைத்தாற்போல்தான் தெரியும். சில வாரம் முறையாக மருந்து எடுத்தும் சரியாகாதபோது எடுத்தால்தான் உண்மை நிலவரம் புரியும்.

தினசரி வேலை: கழுவுவது, ஸ்பிரே அடிப்பது

எந்த வகை நாள்பட்ட சைனஸானாலும் அடிப்படை வைத்தியம் இரண்டுதான். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது ஒன்று, ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே இன்னொன்று. இரண்டும் விலை குறைந்தவை, அலுப்பானவை. அலுப்பானது என்பதால்தான் பாதிப் பேர் பத்தாவது நாளில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கழுவும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். யோகா வகுப்புகளில் ஜல நேதி என்று சொல்லித் தருவதும் அடிப்படையில் இதுதான். 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் குறைவாக அயோடின் சேர்க்காத தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். ஆப்பசோடா எரிச்சலைத் தணிக்கும். அளந்து கலக்கச் சோம்பலாக இருந்தால் மெடிக்கலில் இதற்கென்றே பாக்கெட்டும் அழுத்தும் பாட்டிலும் சேர்த்துக் கிடைக்கும். வாஷ்பேசின் முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சுவிட்டபடி, மேல்பக்க மூக்குத் துவாரத்தில் பாட்டிலை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். தண்ணீர் மறுபக்கத் துவாரத்தில் வழியும். பாதி பாட்டில் முடிந்ததும் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் தடவை மூச்சு முட்டுவதாகத் தோன்றும், வாயால் மூச்சுவிடுவதை மறந்தால்தான் அப்படி. முடிந்ததும் மெல்லச் சிந்தினால் போதும். பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் ஏறும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்து, ஆறி, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கேன் தண்ணீர் குடிக்கச் சுத்தமாக இருக்கலாம், கிருமி முற்றாக நீக்கப்பட்டது அல்ல. ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் அங்கேயும் ஒரு நிமிஷக் கொதி போதும். சுமார் 2,000 மீட்டருக்கு மேல் போனால்தான் மூன்று நிமிஷம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இவ்வளவு கறார் எதற்கு என்றால், கேரளத்தில் 2024, 2025-இல் பல உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். அந்தக் கிருமி உள்ள தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை, மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். பாட்டிலையும் தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

கழுவிய பத்து நிமிஷம் கழித்து ஸ்பிரே. மொமெட்டசோன், ஃபுளுட்டிகசோன், புடெசோனைடு என்ற பெயர்களில் எழுதுவார்கள். ஸ்டீராய்டு என்றதும் பலரும் பயந்துவிடுகிறார்கள். போன வாரம்கூட அம்மாபேட்டையிலிருந்து வந்த ஓர் அக்கா பெட்டியில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் "இது வேண்டாம் தம்பி, உடம்பு ஊதிப்போயிரும்" என்று திருப்பித் தந்தார். ஒரு அழுத்துக்கு 50 மைக்ரோகிராம் போன்ற சிறு அளவுதான். மொமெட்டசோன், ஃபுளுட்டிகசோன் இரண்டிலும் இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். உடம்பு ஊதுவது, சர்க்கரை ஏறுவதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் விழுங்குவதால் வருபவை. ஸ்பிரேயில் அடிக்கடி பார்ப்பது மூக்கு வறண்டு லேசாக இரத்தம் கசிவதுதான். அதுவும் பெரும்பாலும் தப்பாக அடிப்பதால். அக்காவுக்குக் கவுண்டரிலேயே காட்டினேன்: தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நடுத்தண்டை நோக்கி அடிக்கக் கூடாது. அடித்ததும் பலமாக உறிஞ்சவும் கூடாது, மருந்து தொண்டைக்குப் போய்விடும், கசப்புதான் மிச்சம்.

இது அடித்த அன்றே மூக்கைத் திறக்கிற மருந்து அல்ல. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று தொடர்ந்து அடித்த பிறகுதான் இது வேலை செய்யவில்லை என்று சொல்லும் உரிமையே வருகிறது. கடுமையான வீக்கம் உள்ளவர்களுக்கு, குறிப்பாக ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு, புடெசோனைடு மருந்தைக் கழுவும் தண்ணீரிலேயே கலந்து ஊற்றச் சொல்வதும் உண்டு. அது டாக்டர் அளவு சொல்லிச் செய்ய வேண்டியது.

உடனே மூக்கைத் திறக்கிற சொட்டு மருந்து வேறொன்று இருக்கிறது. ஸைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகை. சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் வாரம் ஒன்று வாங்கிக்கொண்டிருந்தார். "இது இல்லாம தூக்கமே வரமாட்டேங்குதுங்க அண்ணா" என்பார். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்து இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு தேவைப்படும். அவருக்கு அப்போது இருந்த அடைப்பில் பாதி சைனஸால் வந்ததே இல்லை, மருந்தால் வந்தது. இஎன்டி டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஆரம்பித்து, சொட்டை முதலில் ஒரு மூக்கிலும் பிறகு மறு மூக்கிலும் நிறுத்தச் சொன்னார். முதல் வாரம் திண்டாடினார், பிறகு பழகிவிட்டது.

மாத்திரைகள்

ஆன்டிபயாடிக்குக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. நாள்பட்ட சைனஸ் உள்ளவருக்குத் திடீரென்று காய்ச்சலும் ஒரு பக்க முகவலியும் சீழ்ச் சளியும் வந்தால் ஒரு கோர்ஸ் கொடுப்பார்கள், முடிந்தால் சளியை எடுத்து, எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து (கல்ச்சர்) கொடுப்பார்கள். சதை வளர்ச்சி இல்லாத சிலருக்கு, மேக்ரோலைடு என்ற வகை ஆன்டிபயாடிக் மாத்திரையைக் குறைந்த அளவில் மூன்று மாதம் வரை தருவதும் உண்டு. அதில் எதிர்பார்ப்பது கிருமியைக் கொல்வதைவிட வீக்கத்தைத் தணிப்பது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம், அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்கும் சமாச்சாரம் இல்லை.

ஸ்டீராய்டு மாத்திரை, அதாவது பிரெட்னிசோலோன், சதை வளர்ச்சி பெரிதாக இருப்பவர்களுக்கு ஓரிரு வாரம் கொடுத்தால் அதிசயமாக வேலை செய்யும். வாசனை திரும்பி வரும். பிறகு சில மாதத்தில் போய்விடும். அந்த ருசி கண்டு, வருஷத்தில் நாலைந்து தடவை தாங்களே வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண் அழுத்தம் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும்.

அலர்ஜி இருந்தால் மட்டுமே செட்ரிசின் வகை மாத்திரைக்கு இடம். கூடவே மான்டிலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரை சேலத்தில் தண்ணீர்பட்ட பாடாக விற்கிறது. மனநிலையிலும் தூக்கத்திலும் அது மாற்றம் உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அதைச் சாப்பிடும் குழந்தை திடீரென்று எரிந்து விழுந்தால், கெட்ட கனவு கண்டு அலறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீக்கத்துக்குக் காரணம் எங்கே

கழுவியும் ஸ்பிரே அடித்தும் அடங்கவில்லை என்றால் தூண்டிவிடுவது எது என்று தேட வேண்டும். சேலத்தில் தேட நிறைய இடம் இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் பாலீஷ் தூசியும் பற்றவைக்கும் புகையும், அம்மாபேட்டை, இளம்பிள்ளைத் தறிக்கூடங்களில் பஞ்சுத் தூசி, சேகோ மில்லில் மாவுத் தூசி, செவ்வாய்பேட்டை மளிகை மண்டிகளில் மிளகாய் நெடி. எட்டு மணி நேரம் இதற்குள் இருந்துவிட்டு இரண்டு அழுத்து ஸ்பிரே அடித்தால் அது எவ்வளவுதான் செய்யும்? மூக்கோடு ஒட்டிப் பொருந்தும் முகக்கவசம் போட்டு, வேலை விட்டு வந்ததும் மூக்கைக் கழுவினால் வித்தியாசம் தெரியும். ஏற்காட்டில் தூசி குறைவு, ஆனால் ஈரம் அதிகம். பூஞ்சணம் பிடித்த சுவர், வெயில் காணாத கம்பளி, மழை மாதங்களில் மூடியே கிடக்கும் அறை ஆகியவை அங்கே சந்தேகிக்க வேண்டியவை. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரே பக்கம் மட்டும் சீழ், துர்நாற்றம் என்றால் பல் டாக்டரிடம் போங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்துச் சைனஸின் தரையை ஒட்டியே இருக்கிறது, சிலருக்கு நடுவில் எலும்பே இருக்காது. பல்லில் சீழ் இருக்கும்வரை சைனஸ் ஆறாது. ஒருபக்க அடைப்போடு இரத்தமும் கசிந்தால், கட்டி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத் தாமதிக்கக் கூடாது.

சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்கள் வலி மாத்திரை வாங்கும்போது எங்களிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டால் அவர்களில் சிலருக்கு ஓரிரு மணி நேரத்துக்குள் கடுமையான இளைப்பு வரும். மாக்ஸ் சாம்டர் என்ற மருத்துவர் 1968-இல் விரிவாக விவரித்த சேர்க்கை இது.

பூஞ்சையாலும் வரும். ஒருவகையில் பூஞ்சைக்கு எதிரான அலர்ஜியால் களிம்பு போன்ற கெட்டிச் சளி சைனஸை நிரப்பிவிடும். இதைக் கழுவி எடுக்க முடியாது, ஆபரேஷன்தான் வழி, பிறகு ஸ்டீராய்டு.

ஆபரேஷன்

"பண்ணினா திரும்ப வருமாங்க?" என்பதே எல்லாருடைய கேள்வியும். பதில் சொல்லும் முன் கொஞ்சம் பழைய கதை. 1890-களில் நியூயார்க்கின் கால்டுவெல், பாரிஸின் லூக் ஆகிய இரண்டு மருத்துவர்களும் தனித்தனியே ஒரு முறையைக் கண்டார்கள்: மேலுதட்டுக்கு உள்ளே கிழித்து, கன்னத்துச் சைனஸைத் திறந்து, சவ்வைச் சுரண்டி எடுத்து, அடியில் புதிதாக ஒரு ஓட்டை போடுவது. தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும் என்ற கணக்கு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் வால்டர் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர் எண்டோஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. அடியில் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும் நுண்முடிகள் அதைச் சட்டை செய்யாமல் சளியை மேலே உள்ள பழைய வாசலுக்கே கொண்டுபோயின. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்றைய எண்டோஸ்கோப் ஆபரேஷன். 1980-களில் ஸ்டாம்பெர்கர், கென்னடி போன்ற மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பரப்பினார்கள். இயற்கையான வாசலையே அகலப்படுத்துவது, அடைக்கும் சதையையும் மெல்லிய எலும்புகளையும் எடுப்பது, ஆறக்கூடிய சவ்வை விட்டுவைப்பது என்பதே அதன் சாரம். முகத்தில் தழும்பு இருக்காது, எல்லாம் மூக்குக்குள்ளேயே. வளைந்த மூக்குத் தண்டு வழியை மறித்தால் அதையும் அப்போதே சரிசெய்வார்கள்.

முழு மயக்கத்தில் செய்வார்கள், பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். சைனஸைக் கண்ணிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரிக்கும் எலும்பு காகிதக் கனம்தான் என்பதால் பார்வைப் பாதிப்போ மூளை நீர்க் கசிவோ வர வாய்ப்பு உண்டு. அப்படிப் பெரிய சிக்கல் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷனுக்கு முன் சிடி ஸ்கேன் கட்டாயம் என்பது இதற்காகத்தான்.

திரும்ப வருமா என்றால், சதை வளர்ச்சி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு வரும். ஆபரேஷன் வீங்கும் சுபாவத்தை மாற்றுவதில்லை. மருந்து உள்ளே போக வழி செய்கிறது, அவ்வளவுதான். அதனால் மூக்குக் கழுவலும் ஸ்பிரேயும் ஆபரேஷனுக்குப் பின்னும் தொடரும், முதல் சில வாரம் டாக்டரிடம் போய்ப் பொருக்கை எடுத்துச் சுத்தம் செய்துகொள்ளவும் வேண்டும். "ஆபரேஷனே பண்ணியாச்சு, இனி எதுக்கு மருந்து" என்று நிறுத்தியவர்கள்தான் இரண்டாவது ஆபரேஷனுக்கு வருகிறார்கள். வாசலில் பலூன் வைத்து ஊதி அகலப்படுத்தும் முறையும் 2005-இலிருந்து இருக்கிறது. சதை வளர்ச்சிக்கு அது உதவாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. தனியாரிடம் பெரிய தொகை கேட்டால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று அங்கே உள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆபரேஷன் செய்தும் சதை வளர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு இப்போது ஊசிகள் வந்திருக்கின்றன. டுபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2019-இல் இதற்கான அனுமதி கிடைத்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று போட வேண்டும். வாசனை திரும்புவதில் நல்ல பலன் தருகிறது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பற்றிக் கேட்பீர்கள். 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 871 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர் கழுவியவர்களுக்குச் சிறிது பலன் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி கொஞ்சம் குறைந்ததோடு சரி. இதமாக இருந்தால் பிடியுங்கள், வைத்தியமாக நினைக்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் மடியில் வைத்துப் போர்வையால் மூடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள், வெந்துபோய் வந்த குழந்தைகளுக்குத் தீப்புண் களிம்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நெற்றியில் சுக்குப் பற்றோ நீர்க்கோவை மாத்திரையோ உரைத்துப் போடுவதால் கெடுதல் இல்லை. சவ்வுக்கு அது போய்ச் சேராது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில உண்டு. கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, இதுவரை இல்லாத கடும் தலைவலியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும், பேச்சில் குழப்பம் ஆகியவை இருந்தால் அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மூக்கிலோ அண்ணத்திலோ கறுத்த பொருக்கு, கன்னத்தில் மரத்துப்போன உணர்வு வந்தால் 2021-இல் கோவிட் இரண்டாம் அலையில் பார்த்த கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் ஊசியும், அழுகிய பகுதியை அகற்றும் ஆபரேஷனும் உடனே வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் கண் போகலாம், உயிரும் போகலாம்.